கோழியும் தாராவும் ஒரே கூட்டுலயா? வாசகர் கேள்வி பதில்

இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, பிடிச்சதும் கோழி, தாரா (வாத்து) வளர்ப்புக் கேள்வியும் கூடவே கொட்டுது. எல்லாத்துக்கும் இங்க பதில் சொல்ல இடம் பத்தாது, அதனால ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேத்து ஒரு ஒம்பது கேள்வி எடுத்திருக்கேன். பேரு போட வேண்டாம்னு நெறைய பேரு கேட்டதால ஊரு மட்டும்.

தக்கலை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, வீட்டுக்குப் பொறத்தால 12 நாட்டுக்கோழியும் 5 தாராவும் நிக்குது. எல்லாம் ஒரே கூடு. மழை தொடங்கினதுல இருந்து கூட்டுத் தரை சொதசொதன்னு கெடக்கு, கோழியெல்லாம் தும்முது, ராத்திரி கொர் கொர்னு சத்தம் வருது. தாராவுக்கு ஒரு கேடும் இல்ல. கோழிக்கு என்ன மருந்து குடுக்கலாம்?

மருந்து அப்புறம், மொதல்ல கூட்டைப் பிரி பிள்ளே. தாராவோட எச்சம் கோழி எச்சத்தை விட நல்லாத் தண்ணியா இருக்கும், போதாததுக்கு குடிக்கிற தண்ணியில பாதிய வெளிய செதறி விட்டுட்டுதான் மறுவேலை பாக்கும், அதுக்கு அதுதான் சந்தோஷம். அந்த ஈரத்துல எச்சம் ஊறி அமோனியா கெளம்பும். நாம நின்னுக்கிட்டு கூட்டை எட்டிப் பாத்தா தெரியாது, காலையில தொறந்த உடனே கோழி நிக்கிற உயரத்துக்குக் குனிஞ்சு ஒரு மூச்சு இழுத்துப் பாரு, கண்ணு கரிச்சா அந்தக் காத்தைத்தான் ராத்திரி முழுக்க கோழி இழுக்குதுன்னு அர்த்தம். மூக்கும் தொண்டையும் புண்ணாகி, அதுல எந்த நோயும் லேசா ஏறிக்கிடும். தாராவுக்கு ஈரம் பெருசா ஏறாது, அதான் அது சொகமா நிக்குது.

பிரிக்கணும்னா புதுசா ஒரு கூடு கட்டணும்னு இல்ல. ஒரே கூரைக்குக் கீழ நடுவுல ரெண்டடி உயரத்துக்குக் கல்லு வச்சு, மேல கம்பிவலை அடிச்சாப் போதும். தரைச் சரிவு எந்தப் பக்கம் எறங்குதோ அந்தப் பக்கம் தாரா, மேட்டுப் பக்கம் கோழி, மாத்தி வச்சுராத. தாரா தரையிலதான் படுக்கும், கோழிக்கு ரெண்டு மூணு அடி உயரத்துல ஏறி ஒக்கார கம்பு வேணும், கமுகு வாரி (பாக்குமரச் சட்டம்) நல்லா இருக்கும், கூரா இருக்குற வெளும்பைச் செதுக்கி விட்டுடு. ராத்திரி கோழிப் பக்கம் தண்ணிச் சட்டி வைக்காத. தாரா பக்கமும் வேண்டாம், ஆனா தண்ணி இல்லாத எடத்துல தீனியும் வைக்கக் கூடாது, தாரா தீனியத் தண்ணி இல்லாம முழுங்கினா தொண்டையில அடைச்சுக்கிடும்.

தரைக்கு உமியோ தென்னைநார்க் கழிவோ நாலு விரக்கடை கனத்துக்குப் போட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கெளறி விடு, நனைஞ்ச எடத்தை மட்டும் அள்ளி எறிஞ்சுட்டு காஞ்சது போட்டு லேசா சுண்ணாம்புத்தூள் தூவு. நமக்கு மழை ஒரு தடவையோட முடியாது பாரு, ஆனி ஆடியில ஒரு பக்கத்துல இருந்து சாரல் அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில மறுபக்கத்துல இருந்து அடிக்கும், அதனால கூரை எறவாணம் ரெண்டு பக்கமும் மூணடியாவது வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். சாக்கைத் தொங்க விட்டு மறைக்கிறதை நான் நெறைய வீட்டுல பாத்தாச்சு, காத்தும் அடைச்சுக்கிடுது, சாக்கும் நனைஞ்சு தொங்குது, ரெண்டுக்கும் உதவாது.

பகல்ல ரெண்டும் சேந்து மேயட்டும், தடையில்ல. கோழித் தண்ணிய ரெண்டு செங்கல்லு மேல தூக்கி வை. தாராவுக்குக் குளம் வேணும்னு கட்டாயம் இல்ல, ஆனா மூக்கும் கண்ணும் முங்குற அளவுக்கு, அஞ்சாறு இஞ்சு ஆழத்துக்குத் தண்ணி கட்டாயம் வேணும், இல்லன்னா கண்ணுல பீளை அடைச்சு மூக்கு அடைச்சு கஷ்டப்படும். அந்தத் தொட்டியை ஜல்லி போட்ட எடத்துல வச்சு, அழுக்குத் தண்ணிய வாழை மூட்டுல ஊத்து, மட்டி வாழையா இருந்தா இன்னும் கொள்ளாம்.

இதெல்லாம் செஞ்சு ஒரு வாரம் கழிச்சும் தும்மல் நிக்கலன்னா, இல்ல மூஞ்சி வீங்கி மூக்குல நாத்தத்தோட சளி வடிஞ்சா, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. கடையில ஆன்டிபயாடிக் பொடி வாங்கி நீயா தண்ணியில கலக்காத. அந்த மருந்து முட்டையில எறங்கும், முட்டையத் திங்கிறது ஒன் பிள்ளைங்கதான்.

திங்கள்சந்தை வாசகர்: வேன்ல வித்துக்கிட்டு வந்தவங்ககிட்ட 10 தாராக்குஞ்சு வாங்கினேன். கோழிக்குஞ்சுக்குப் போடுற தீவனம்தான் போட்டேன். மூணாவது வாரத்துல நாலு குஞ்சுக்குக் கால் வளைஞ்சு, முட்டி வீங்கி, ஒக்காந்து ஒக்காந்து நகருது. போலியோ மாதிரி நோயா?

தொத்து நோய் இல்லண்ணே, பெரும்பாலும் சத்துக்குறைவு. நியாசின்னு ஒரு வைட்டமின், பி3ன்னும் சொல்லுவாங்க, தாராக்குஞ்சுக்கு அது கோழிக்குஞ்சை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேணும். கோழித் தீவனத்துல கோழிக்குத் தேவையான அளவுதான் போட்டிருப்பான், அவனைச் சொல்லிக் குத்தமில்ல. கால்நடை மருந்துக்கடையில கோழிக்குன்னே பி காம்ப்ளெக்ஸ் டானிக் இருக்கு, நியாசின் இருக்கான்னு லேபிள்ல பாத்துட்டு, அதுல போட்டிருக்குற அளவுக்கு தெனமும் தண்ணியில கலந்து குடுங்க. கூடவே சாளை (மத்தி) மீனை அவிச்சு முள்ளு நசுக்கி கொஞ்சம் போடுங்க, மீன்லயும் அந்தச் சத்து உண்டு. இப்ப வளைஞ்ச குஞ்சுல சீக்கிரம் பாத்தது தேறிடும், ரொம்ப முத்திப்போனது நேராகாது. வழுக்குற சிமென்ட் தரையில விட்டிருந்தா மொதல்ல சாக்கு விரிங்க, கால் வெலகிப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு, ரத்தக் கழிச்சலுக்கு மருந்து கலந்த குஞ்சுத் தீவனம் வருது. தாராக்குஞ்சு கோழிக்குஞ்சை விட நெறைய திங்கும், அப்ப மருந்தும் கூடுதலா உள்ள போகும். வாங்கும்போதே மருந்து கலக்காததா கேட்டு வாங்குங்க.

வேன் வியாபாரத்தப் பத்தி எனக்குப் பொதுவாவே நல்ல அபிப்பிராயம் கெடையாது. திருவிழாவுல பச்சை, ரோஸ், மஞ்சள்னு சாயம் முக்கி விக்கிறதெல்லாம் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணையில வேண்டாம்னு ஒதுக்கின சேவக்குஞ்சு, பிள்ளை அழுவுதேன்னு வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் முட்டை எப்ப வரும்னு எனக்குக் கேட்டு எழுதுறாங்க.

அருமனை வாசகி: எங்க ஊர்ல ஒவ்வொரு வருஷமும் வெயில் காலத்துல கோழி மொத்தமா செத்துப் போகுது. வெள்ளையும் பச்சையுமா கழியுது, கழுத்து திருகிக்கிடுது, ரெண்டு மூணு நாள்ல கூடு காலி. போன தடவை மஞ்சளும் சின்ன உள்ளியும் (வெங்காயம்) அரைச்சுக் குடுத்தோம், கேக்கல. தடுப்பூசி போட்டா நாட்டுக்கோழி ருசி போயிரும்னு அத்தை சொல்றாங்க.

ருசிக்கும் தடுப்பூசிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுன்னு அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. உங்க கூட்டைக் காலி பண்றது ராணிக்கேட், நாம வெள்ளைக்கழிச்சல்னு சொல்றது. வடக்க குமாவோன் மலையில ராணிக்கேட்னு ஒரு ஊர், நம்ம நாட்டுல 1920-கள் கடைசியில அங்க வச்சு அடையாளம் கண்டதால அந்தப் பேரு. வைரஸ் நோய். வந்த பெறகு கிருமியைக் கொல்ற மருந்து எதுவும் இல்ல, இங்கிலீஷ் மருந்துலயும் இல்ல, நாட்டு மருந்துலயும் இல்ல. கீழாநெல்லி, சீரகம், நல்லமிளகு, மஞ்சள், பூண்டு அரைச்சுக் குடுக்கிறதைக் கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லிக் குடுக்குது, நானும் வேண்டாங்கல, கோழிக்குக் கொஞ்சம் தெம்பு வரும். ஆனா தடுப்பூசிக்குப் பதிலா அதை நம்புனா கூடு காலிதான்.

முறை இதுதான். பொரிச்சு 5-லிருந்து 7 நாளைக்குள்ள எஃப்1 இல்லன்னா லசோட்டாங்குற தடுப்பு மருந்து, கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு. நாலு வாரம் ஆகும்போது லசோட்டா இன்னொரு தடவை. எட்டாவது வாரத்துல ஆர்2பிங்குற தடுப்பூசி, றெக்கைக்குக் கீழ தோலுக்கடியில ஊசி. இந்த ஆர்2பி கொஞ்சம் வீரியமானது, பொடிக்குஞ்சுக்குப் போட்டுராதீங்க. தாய்க்கோழிகளுக்கு அப்புறம் ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒருக்கா, உங்க டாக்டர் சொல்றபடி. எப்பவும் தெம்பா நிக்கிற கோழிக்கு மட்டும், அதுவும் வெயிலுக்கு முந்தி காலையிலயோ சாயங்காலமோ.

இதுல எல்லாரும் தட்டி விழுறது மருந்துல இல்ல, ஐஸ்ல. மருந்துக்கடையில இருந்து ஐஸ் போட்ட பிளாஸ்க்லதான் எடுத்துட்டு வரணும், கரைச்ச பெறகு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிரணும். பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்து, மீன்கொழம்பு வச்சு முடிச்சுட்டு சாவகாசமாப் போட்டா அது வெறும் தண்ணிதான், பெறகு தடுப்பூசி போட்டும் செத்துதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிய வேண்டியதுதான். தண்ணியில கலக்குறதா இருந்தா குளோரின் போட்ட பைப்புத் தண்ணி ஆகாது, கெணத்துத் தண்ணி போதும். ஒரு குப்பி வாங்கினாலே நூறு கோழிக்கு மேல வரும், உங்க கிட்ட பத்துதான் இருக்குன்னா பக்கத்து நாலு வீட்டையும் சேத்துக்கிடுங்க. சேத்தே ஆகணும், ஏன்னா வேலி தாண்டி மேயுற கோழிக்கு ஒரு வீட்டுல மட்டும் போட்டு என்ன பிரயோஜனம்.

கால்நடைத் துறை வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடும், காசு கெடையாது. வெயிலுக்கு முந்தி போடுறதே இதுக்குத்தான். மருந்தகத்துல இப்பவே கேட்டு வச்சுக்கிட்டா உங்க தெருவுக்கு வர்ற நாளைச் சொல்லுவாங்க. கையில பிடிக்க முடியாத கோழிக்குத் தீனி மாதிரி போடுற குருணை மருந்தும் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் கண்டுபிடிச்சிருக்கு, கெடைக்குதான்னு கேளுங்க.

நோய் வந்துட்டா செய்யக்கூடாத காரியம் ஒண்ணு உண்டு, நம்ம ஊர்ல எல்லாரும் செய்றதும் அதுதான். ரெண்டு கோழி செத்த உடனே மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டு போய் கிடைச்ச வெலைக்குத் தள்ளுறது. அப்படித்தான் இது அருமனையில இருந்து அடுத்த ஊருக்குப் போகுது, அடுத்த வருஷம் உங்க வீட்டுக்கே திரும்பியும் வருது. செத்ததை ஓடையில வீசாம மூணடி குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்க. புதுசா வாங்கின கோழியை ரெண்டு வாரம் தனியா பஞ்சாரத்துல கவுத்து வச்சுப் பாத்துட்டு அப்புறம் கூட்டத்துல விடுங்க.

தாரா வச்சிருக்கவங்க இதையும் கேட்டுக்கிடுங்க: இந்த நோய் தாராவை அவ்வளவாப் படுத்தாது, ஆனா கிருமியைச் சொமந்துக்கிட்டு திரியும். தாரா ஜம்முன்னு நிக்கிறதப் பாத்து நோய் இல்லன்னு நெனைக்காதீங்க. தாராவுக்குன்னு வர்ற டக் பிளேக் நோய்க்குத் தடுப்பூசி தனியா இருக்கு, எட்டு வாரத்துக்கு மேல போடணும்.

குளச்சல் வாசகர்: மீன் கழிவு சும்மா கெடைக்குது. தெனமும் போடுறேன். கோழி நல்லா முட்டையிடுது, ஆனா முட்டையில மீன் நாத்தம், பிள்ளைங்க திங்க மாட்டேங்குது.

தெனமும் போட்டா நாறத்தான் செய்யும். வாரத்துல ரெண்டு நாளாக் கொறைங்க, பச்சையாப் போடாம வேக வச்சுப் போடுங்க, உப்புக் கருவாட்டுக் கழிவு போடவே கூடாது, உப்பு கோழிக்கு வெஷம். ரெண்டு வாரத்துல வாடை போயிரும். நீங்க கடக்கரையில இருக்கீங்க, அதுக்குப் பதிலா சிப்பி ஓடு எடுத்துக்கிட்டு வந்து நல்லா கழுவி, காய வச்சு, ஒடைச்சு ஒரு சிரட்டையில தனியா வைங்க. முட்டை ஓட்டுக்கு அதை மிஞ்சுன சுண்ணாம்புச் சத்து இல்ல, வேணும்கிற கோழி வேணும்கிற அளவுக்குக் கொத்திக்கிடும். தீனியில கலந்துறாதீங்க, சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது.

தேரூர் வாசகர்: 20 தாரா வச்சிருக்கேன். கும்பப்பூ (ரெண்டாம் போக நெல்லு) அறுத்த வயல்லயும் குளத்துலயும் மேய விடுறது வழக்கம். கேரளாவுல பறவைக்காய்ச்சல்னு சொன்னா களியக்காவிளையில வண்டியை நிறுத்திப் பாக்குறாங்க. நாங்களும் பயப்படணுமா?

பயப்படாண்டாம், ஆனா கவனமா இருங்க, அதுவும் நீங்க இருக்குறது தேரூர். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல ராம்சார்ங்குற உலக ஈரநிலப் பட்டியல்ல ஏறுனதே அங்க வர்ற பறவைக்காகத்தான், மழைக்கும் பனிக்கும் வடக்க இருந்து வந்து எறங்குற காட்டு வாத்தும் கொக்கும் நாரையும் உங்க தாரா நீந்துற அதே தண்ணியிலதான் நீந்துது. காட்டுப் பறவை பலது சீக்கு காட்டாமயே பறவைக்காய்ச்சல் கிருமியைச் சொமக்கும். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் 2014, 2016, 2021, 2024-ன்னு தாராக் கூட்டம் மாட்டுனது எல்லாம் நீர்நெலம் நெறைஞ்ச குட்டநாடு. அதனால ஐப்பசியில இருந்து பங்குனி வரைக்கும் குளத்துப் பக்கம் விடாதீங்க, வயலோட நிறுத்திக்கிடுங்க. கேரளாவுல நோய்னு செய்தி வந்த சமயம் அந்தப் பக்கத்துல இருந்து குஞ்சோ முட்டையோ வெலை கொறைச்சல்னு வாங்காதீங்க.

திடீர்னு ஒரே நாள்ல பல உருப்படி செத்தா, கொண்டை நீலமாகி மூஞ்சி வீங்கினா, அறுக்காதீங்க, வெறுங்கையால தொடாதீங்க, 1962-க்கு ஃபோன் போடுங்க, அது கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர். நல்லா வெந்த கறியிலயும் முட்டையிலயும் கிருமி நிக்காது, 70 டிகிரி சூடு தாண்டுனா செத்துரும், அதனால கிறிஸ்மஸுக்கு ஆப்பமும் தாராக்கறியும் வேண்டாம்னு வைக்க அவசியமில்ல.

வயல்லயும் ஒரு விஷயம் பாக்கணும். பூச்சி மருந்து அடிச்ச வயலுக்குப் பக்கத்துல விடாதீங்க. கோடையில வத்தி அழுகிக் கெடக்குற குட்டையில புழுவைத் தின்னுட்டு தாராவோட கழுத்து துணி மாதிரி தொவண்டு போகும், அதுக்குப் பேரு போட்டுலிசம், செத்த மீன், செத்த எலி அழுகுன தண்ணியில வர்ற வெஷம். அன்னைக்கே நல்ல தண்ணிக்கு மாத்துனா சிலது பொழைக்கும்.

குலசேகரம் வாசகி: ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடு. தாரா முட்டையே காணோம், கோழியும் ஒண்ணு ரெண்டா கொறையுது. கீரியா, மரநாயா, பாம்பான்னு தெரியல.

முட்டை காணாமப் போறதுல பாதி திருட்டே இல்ல. தாரா பெரும்பாலும் விடியக்காலத்துலதான் முட்டையிடும், ஒம்பது மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். நீங்க ஆறு மணிக்கே தொறந்து விட்டா போற வழியில ஓடையில, சருகுல, தண்ணிக்குள்ளகூட போட்டுட்டுப் போயிரும். ஒம்பது மணிக்குத் தொறங்க, பாதி முட்டை கூட்டுலயே கெடைக்கும்.

கோழி கொறையுறதுக்கு அடையாளம் பாருங்க. கழுத்தக் கடிச்சு ரெண்டு மூணைக் கொன்னு போட்டுட்டு ஒண்ணுகூட முழுசா திங்காமப் போனா கீரி இல்ல மரநாய் மாதிரி ஏதோ. சுத்தமா ஒரு அடையாளமும் இல்லாம ஒரு கோழி மட்டும் காணாமப் போனா காட்டுப்பூனையோ மலைப்பாம்போ, உங்க பக்கம் மலை அடிவாரம் வேற. நீங்க இப்ப அடிச்சிருக்குறது கோழிவலையா இருக்கும், அறுகோணமா ஓட்டை இருக்குமே, அது கோழியை உள்ள நிறுத்தும், வெளிய இருக்குறதைத் தடுக்காது. அரை இஞ்சு வெல்டுமெஷ் வாங்கி, தரைக்குள்ள ஒரு அடி எறக்கிப் பதிங்க, கீரி தோண்டித்தான் வரும். கதவுக்கு ரெண்டு தாப்பாள். வெலை கூடுதல்தான், ஆனா ஒருக்காதான் செலவு. வெஷம் வைக்கிறது, அடிச்சுக் கொல்றது வேண்டவே வேண்டாம், கீரியும் மலைப்பாம்பும் வனச்சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, கேஸ் ஆயிரும். பாம்பு உள்ள கெடந்தா வனத்துறையைக் கூப்பிடுங்க.

பூதப்பாண்டி வாசகி: எங்க காக்கி கேம்ப்பெல் தாரா அடை படுக்கவே மாட்டேங்குது. கோழியை வச்சு பொரிக்க வைக்கலாமா? இடி இடிச்சா முட்டை கெட்டுப் போகுமாமே?

காக்கி கேம்ப்பெல் அடைக்கு ஒக்காராது, முட்டைக்குன்னே பழக்கி எடுத்த எனம், அந்தக் கொணம் அதுல மழுங்கிப் போச்சு. நாட்டுக்கோழிய வச்சே பொரிக்கலாம், நம்ம பாட்டிமாரு காலத்துல இருந்து செய்றதுதான். நல்ல பெரிய கோழின்னா எட்டு, மிஞ்சிப்போனா பத்து தாரா முட்டை. ஒரு வாரத்துக்கு மேல பழசான முட்டை வேண்டாம், ஃபிரிட்ஜுல இருந்தது வேண்டவே வேண்டாம், கழுவாதீங்க, சேறு இருந்தா காஞ்ச துணியால தொடச்சா போதும்.

கோழி முட்டைக்கு 21 நாள், தாரா முட்டைக்கு 28. அந்த ஒரு வாரம்தான் சிக்கல், சில கோழி 21 கழிஞ்சதும் எந்திரிச்சுப் போயிரும். பொறுமையான, ஏற்கெனவே ரெண்டு மூணு ஈடு பொரிச்ச கோழியாப் பாத்து வைங்க, தீனியும் தண்ணியும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். தாரா முட்டை கனமா இருக்குறதால கோழியால சரியாப் பொரட்ட முடியாது, பென்சிலால ஒரு பக்கம் குறி போட்டு நீங்களே காலையும் மாலையும் திருப்பி விடுங்க, 25-ம் நாளோட நிறுத்திருங்க. தாரா தானா படுத்தா ஈர ஒடம்போட வந்து படுக்கும், கோழிக்கு அது இல்ல, அதனால ரெண்டாவது வாரத்துல இருந்து தெனமும் கை பொறுக்குற வெதுவெதுப்புல தண்ணி தெளிங்க. ஏழாம் நாள் ராத்திரி இருட்டுல டார்ச் வெளிச்சத்துல பாத்தா நரம்பு ஓடுறது தெரியும், தெரியாததை எடுத்துருங்க.

இடியால முட்டை கெடாது. அடைக்கூடையில இரும்பாணியும் கரியும் வத்தலும் வைக்கிறது நம்ம ஆளுங்க மனசு ஆறுதலுக்கு, வைக்கிறதுன்னா வச்சுக்கிடுங்க, கேடு ஒண்ணும் இல்ல. உண்மையில கெடுறது எதுனாலன்னா இடிக்கு மெரண்டு கோழி எந்திரிச்சு ஓடிரும், மழைக்குளிர்ல முட்டை ஆறிப்போகும். சத்தம் அதிகம் வராத உள்பக்கமா வைங்க.

பொரிச்ச பெறகு மூணு நாலு வாரத்துக்குத் தண்ணியில எறக்காதீங்க. தாய்த்தாராகிட்ட இருந்தா அதோட றெக்கையில இருக்குற எண்ணெய் குஞ்சு மேலயும் படும், கோழிக்கு அது கெடையாது, குஞ்சு நனைஞ்சு வெறைச்சுப் போகும். அப்புறம் ஒரு நாள் குஞ்செல்லாம் தண்ணிக்குள்ள பாயும், கோழி கரையில நின்னு தொண்டை கிழிய கத்தும், அது ஒரு கூத்து.

கருங்கல் வாசகர்: மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நெறைய இருக்கு, பச்சையாப் போடலாமா? அப்புறம், எங்க ஆண் தாரா கோழியை வெரட்டி வெரட்டி மிதிக்குது, வெளையாட்டுன்னு விட்டுரலாமா?

ரெண்டுக்கும் வேண்டாம்தான் பதில் தம்பி. பச்சை மரச்சீனியில, அதோட தோல்லயும் எலையிலயும் இன்னும் கூடுதலா, சயனைடு வர்ற சரக்கு இருக்கு, கசப்பு ரகத்துல ரொம்ப. வேக வச்சு தண்ணிய வடிச்சுட்டோ, சீவி நல்லா வெயில்ல காய வச்சோ போடு. அதுலயும் மாவுச்சத்துதான், புரதம் கெடையாது, மொத்தத் தீனியும் அதுவே ஆனா முட்டை நின்னுரும். கூட தவிடு, கடலைப் பிண்ணாக்கு, கறையான், அசோலா எதாவது வேணும். பிண்ணாக்குல பச்சைப் பூசணம் தெரிஞ்சா எடுத்து எறி, மோந்து பாத்து சரின்னு தோணினாலும் எறி, அதுல வர்ற அஃப்ளாடாக்ஸின்ங்குற வெஷம் தாராக்குஞ்சோட ஈரலை நேரா தாக்கும், நம்ம மழைக்காலத்துல பூசணம் பிடிக்க ரெண்டு நாள் போதும்.

ஆண் தாரா விஷயம் வெளையாட்டு இல்ல. சேவலுக்கு இல்லாத உறுப்பு ஆண் தாராவுக்கு உண்டு, கோழி ஒடம்பு அதுக்குத் தோதா இல்ல, உள்ள கிழிஞ்சு கோழி செத்தே போகும். உன்கிட்ட பெண் தாரா கம்மியா இருக்கும்னு நெனைக்கேன். ஒரு ஆணுக்கு ஆறு ஏழு பெண்ணு வேணும், கூடுதலா நிக்கிற ஆணை ஈஸ்டர் வரைக்கும் வச்சுக்கிட்டு இருக்காத.

நாகர்கோவில் டவுன் வாசகி: மூணு சென்டுல வீடு. சேவல் கூவினா பக்கத்து வீட்டு மாமி சண்டைக்கு வராங்க. சேவல் இல்லாம முட்டை வருமா? எத்தனை வச்சுக்கிடலாம்?

வரும். சேவல் குஞ்சுக்குத்தான் வேணும், முட்டைக்கு வேண்டாம். அஞ்சு பெட்டைக்கோழி போதும், உள்ள ஒரு கோழிக்கு ரெண்டு சதுர அடி, வெளிய மண்ணைக் கெளற கொஞ்சம் எடம். நாட்டுக்கோழின்னா வருஷத்துக்கு ஒண்ணு 60, 80 முட்டைதான் தரும், முட்டை கூடுதலா வேணும்னா கிராமப்ரியா, இல்லன்னா கேரளா மண்ணுத்தியில உருவாக்கின கிராமஸ்ரீ மாதிரி எனம் தேடுங்க. திருப்பதிசாரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, பயிற்சி எப்ப இருக்குன்னு அங்க விசாரிங்க.

தாரா டவுன்ல வேண்டாம். பெண் தாராதான் சத்தம் போடும், ஆண் கம்மித் தொண்டையில முனங்கும், அப்ப சேவலை வித்துட்டு தாரா வாங்கினா மாமி மறுபடி வருவாங்க. மாமிக்கு மாசம் ஆறு முட்டை குடுத்துருங்க.